பால் காய்ச்சிய பாத்திரமும் குழந்தையின் ஈரலும்

குழந்தைக்குக் காமாலை என்று தெரிந்ததும் கொங்குநாட்டு வீடுகளில் முதலில் எழும் கேள்வி, "ஈரலச் சுத்தம் பண்றதுக்கு என்னங்க கொடுக்கலாம்?" என்பதுதான். பெருந்துறையிலோ சென்னிமலையிலோ காங்கேயத்திலோ இதற்குப் பதில் சொல்ல ஆளுக்குப் பஞ்சமில்லை. கீழாநெல்லியை அரைத்து மோரில் கலக்கிக் கொடுக்கச் சொல்வார் ஒருவர். கரும்புச்சாறு கொடுத்தால் இறங்கிவிடும் என்பார் இன்னொருவர். உப்பு, எண்ணெய், பருப்பு மூன்றையும் நிறுத்திப் பத்தியம் வைக்கச் சொல்வார் மற்றொருவர். மருந்துக்கடையில் ஈரல் டானிக் கிடைக்கிறது. கைப்பேசியைத் திறந்தால் 'டீடாக்ஸ்' சொட்டும் பொடியும் விளம்பரத்தில் வந்து நிற்கின்றன. கேட்கும் பெற்றோரின் தவிப்பு உண்மையானது, சொல்பவர்களின் அக்கறையும் பொய்யில்லை. கேள்விதான் தவறான இடத்தில் தொடங்குகிறது. ஈரலை அழுக்குப் படிந்த வடிகட்டி என்று நினைப்பதால் வரும் கேள்வி அது. உண்மையில் ஈரல் பல வேலைகள் ஒரே கூரையின் கீழ் நடக்கும் பட்டறை. அங்கே எந்த வேலை நின்றுபோயிருக்கிறது என்று தெரியாமல், எதைக் கொடுப்பது, எதை நிறுத்துவது என்று யாராலும் சொல்ல முடியாது. தெரிந்துவிட்டால், சில குழந்தைகளுக்கு உணவைவிடப் பெரிய மருந்து கிடையாது. பெயர் தெரியாத நோய்க்குப் பொதுவாக ஒரு பத்தியமும் பொதுவாக ஒரு டானிக்கும் கொடுப்பது காலத்தை வீணாக்கும். சில நேரம் அந்தக் குழந்தைக்கு நஞ்சாகவும் முடியும்.

நஞ்சை ஈரல் எப்படி வெளியேற்றுகிறது என்பதைப் புரிந்துகொண்டால் இது தெளிவாகும். உடலுக்குள் வரும் மருந்து, உடலே உண்டாக்கும் கழிவு இரண்டையும் ஈரல் படிப்படியாகக் கையாள்கிறது. முதற்படியில் சில நொதிகள் அந்தப் பொருளின் வடிவத்தை மாற்றுகின்றன. இந்தக் கட்டத்தில் சில வேளை மூலப்பொருளைவிட மோசமான ஒன்று பிறந்துவிடுவதும் உண்டு. அடுத்த படியில் அதோடு இன்னொரு மூலக்கூறு ஒட்டப்பட்டு, அது நீரில் கரையும் பொருளாகிறது. பிறகு பித்தத்தோடு மலத்திலும், இரத்தம் வழியாகச் சிறுநீரிலும் வெளியேறுகிறது. நம் வீடுகளில் காய்ச்சலுக்குக் கொடுக்கும் பாராசிட்டமால் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. அதன் பெரும்பகுதி எளிதாக வெளியேறிவிடுகிறது. ஒரு சிறு பகுதி மட்டும் ஈரல் செல்லைக் கொல்லக்கூடிய பொருளாக மாறுகிறது. அதைப் பிடித்து அடக்குவது குளுட்டதயோன் என்ற மூலக்கூறு. குளுட்டதயோனை ஈரல் நாம் உண்ணும் புரதத்திலிருந்து செய்துகொள்கிறது. நாலு நாள் காய்ச்சலில் ஒன்றும் சாப்பிடாமல் வாடிக் கிடக்கும் குழந்தையிடம் இந்த இருப்பு குறைந்திருக்கும். அந்த நேரத்தில் அளவு தவறிக் கொடுத்தால் ஆபத்து. ஒரு வேளைக்குக் குழந்தையின் எடையில் கிலோவுக்கு 15 மில்லிகிராம் என்பதே வழக்கமான மேல்வரம்பு. ஆனால் கடையில் 5 மில்லியில் 120 மில்லிகிராம் உள்ள சிரப்பும் இருக்கிறது, 250 உள்ளதும் இருக்கிறது. ஒரே மில்லியில் 100 மில்லிகிராம் அடங்கிய சொட்டு மருந்தும் இருக்கிறது. ஈரலைக் காப்பாற்ற டானிக் தேடும் கை, முதலில் இந்தப் புட்டியின் லேபிளைப் படித்தால் அதுவே பெரிய பாதுகாப்பு.

பச்சிளங்குழந்தையின் ஈரல் பெரியவர்களுடையதன் சிறு பதிப்பும் அல்ல. மஞ்சள் நிறக் கழிவான பிலிருபினைக் கரையச் செய்யும் நொதி பிறந்த சில நாட்களுக்கு முழு வேகத்தில் இயங்குவதில்லை. அதனால்தான் பல குழந்தைகளுக்கு முதல் வாரத்தில் உடல் மஞ்சளாகி, தானே சரியாகிறது. இதே முதிராத படிதான் 1950களின் இறுதியில் வேறொரு துயரத்தை உண்டாக்கியது. குளோராம்பெனிகால் என்ற மருந்தைப் பெற்ற பச்சிளங்குழந்தைகள் சாம்பல் நிறமாகி இறந்தார்கள். பெரியவர்கள் எளிதில் வெளியேற்றிவிடும் மருந்து, அந்தக் குழந்தைகளின் உடலில் தேங்கிப்போனதே காரணம். ஈரலின் நஞ்சகற்றும் வேலை குறைந்திருப்பது என்றால் என்ன என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை. அங்கே 'சுத்தம்' செய்ய எதுவும் இருக்கவில்லை. ஒரு குறிப்பிட்ட நொதி முதிரவில்லை, அந்த நொதி தேவைப்படும் மருந்தைக் கொடுக்கக்கூடாது, அவ்வளவுதான்.

இதிலிருந்து வரும் முதல் முடிவு, ஈரல் சரியில்லாத குழந்தையைப் பட்டினி போடக்கூடாது என்பது. கழிவை வெளியேற்றும் வேலைக்குச் சர்க்கரையும் புரதமும் மூலப்பொருள். அவை சோற்றிலிருந்துதான் வருகின்றன. வயிற்றைக் காயப்போட்டால் ஈரல் ஓய்வெடுக்கும் என்று நினைக்கிறோம். அப்போதுதான் அது சேமிப்பைக் கரைத்து இரத்தத்தில் சர்க்கரை இறங்காமல் காக்கக் கூடுதலாக உழைக்கிறது. பீகாரின் முசாபர்பூரில் 2014இல் லிச்சிப் பழக் காலத்தில் 390 குழந்தைகள் திடீர் வலிப்போடும் மயக்கத்தோடும் இரண்டு மருத்துவமனைகளுக்கு வந்தார்கள். 122 பேர் இறந்தார்கள். லிச்சியில் உள்ள ஒரு பொருள், ஈரல் புதிதாகச் சர்க்கரை உண்டாக்கும் வழியை அடைக்கிறது. நன்றாகச் சாப்பிட்டுத் தூங்கும் பிள்ளையை அது பெரிதாகப் பாதிப்பதில்லை. இராச்சாப்பாடு இல்லாமல் படுத்த ஏழைக் குழந்தைகளின் ஈரலில் சேமிப்பு இல்லை, அதனால் விடியற்காலையில் சர்க்கரை அடியோடு இறங்கிப்போனது. வேலூரைச் சேர்ந்த நச்சுயிரியல் அறிஞர் டி. ஜேக்கப் ஜான் இந்தத் தொடர்பை முன்வைத்தவர்களில் ஒருவர். குழந்தைகளை இராச்சாப்பாடு இல்லாமல் படுக்கவைக்காதீர்கள் என்பது அங்கே தரப்பட்ட முக்கிய அறிவுரைகளுள் ஒன்று. ஈரல் நோய் இல்லாத குழந்தைக்கே லிச்சியோடு சேர்ந்த ஓர் இரவுப் பட்டினி இவ்வளவு செய்யும் என்றால், நோயுற்ற ஈரலோடு இருக்கும் குழந்தைக்கு அது என்ன செய்யும் என்று எண்ணிப் பார்க்க வேண்டும்.

பித்தளைப் பாத்திரம் சொன்ன பாடம்

உணவும் ஈரலும் பற்றிய இந்தியாவின் மிகப் பெரிய பாடம் நம் தாத்தா பாட்டி காலத்து அடுப்படியில்தான் இருக்கிறது. ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரையுள்ள குழந்தைகளுக்கு வயிறு உப்பி, ஈரல் கல்லாக இறுகி, ஓயாத அழுகையும் காமாலையும் நீர்க்கோவையுமாகச் சில மாதங்களில் உயிரைக் குடித்த நோய் ஒன்று இருந்தது. மருத்துவ நூல்கள் அதை இந்தியக் குழந்தைப்பருவ ஈரல் கரணை நோய் என்றன. தமிழ்நாட்டு வீடுகளில் ஈரல் குலைக்கட்டி என்றார்கள். ஒரே வீட்டில் ஒன்றன்பின் ஒன்றாகக் குழந்தைகளை இழந்தவர்கள் உண்டு. சென்னையில் ஜம்மி நிறுவனத்தின் லிவர்க்யூர் இந்த நோய்க்கென்றே பெயர்பெற்றிருந்தது, தொலைவிலிருந்தும் பெற்றோர் அதை நாடினார்கள். அந்தக் காலத்தில் அவர்களுக்கு வேறு வழியும் இருக்கவில்லை. இந்தப் போராட்டம் நடந்துகொண்டிருந்தபோது, இறந்த குழந்தைகளின் ஈரலில் அளவுக்கு மீறிச் செம்பு படிந்திருப்பது ஆய்வுகளில் தெரியவந்தது.

புணேயில் ஷீலா பாவே, ஆனந்த் பண்டிட் ஆகிய குழந்தை மருத்துவர்களும் பிரிட்டனின் ஸ்டூவர்ட் டேனரும் சேர்ந்து, மருந்தை விட்டுவிட்டுச் சமையலறையைப் பற்றிக் கேட்டார்கள். குழந்தைக்கு எப்போது மாட்டுப்பால் தொடங்கினீர்கள், அதை எந்தப் பாத்திரத்தில் காய்ச்சினீர்கள், எதில் ஊற்றி வைத்தீர்கள் என்று விசாரித்தார்கள். நோயுற்ற குழந்தைகளில் பலருக்குத் தாய்ப்பால் சீக்கிரமே நிறுத்தப்பட்டு, பித்தளை அல்லது செம்புப் பாத்திரத்தில் காய்ச்சி வைத்த பால் கொடுக்கப்பட்டிருந்தது. 1983இல் 'லான்செட்' இதழில் இதை வெளியிட்டார்கள். பாலில் உள்ள புரதம் செம்பை இழுத்துப் பிடித்துக்கொள்ளும். பாத்திரத்துக்கு ஈயம் பூசியிருந்தால் அது ஒரு தடுப்பு. பூச்சு தேய்ந்து, ஈயம் பூசுகிறவர் தெருவுக்கு வரும்வரை தள்ளிப்போட்டால் தடுப்பு போய்விடும். உடலில் மிகையான செம்பு வெளியேறும் முக்கிய வழி பித்தம்தான், கைக்குழந்தைக்கு அந்த வழி இன்னும் முழுதாகத் திறக்கவில்லை. மரபுக் கூறு ஒன்றும் சேர்ந்தே நோயை உண்டாக்கியிருக்க வேண்டும் என்ற விவாதம் இன்றும் இருக்கிறது; ஒரே பாலைக் குடித்த எல்லாக் குழந்தைகளும் நோயுறவில்லையே. ஆனால் பாத்திரம் மாறியதும் நடந்ததைப் பாருங்கள். எவர்சில்வர் பித்தளையின் இடத்தைப் பிடித்தது, தாய்ப்பால் அறிவுரை பரவியது, இருபது ஆண்டுகளுக்குள் அந்த நோய் குழந்தைகள் வார்டுகளில் அரிதாகிப்போனது. ஆஸ்திரியாவின் டிரோல் மலைப்பகுதியிலும் இதே கதைதான். அங்கே 1900 முதல் 1974 வரை 138 குழந்தைகள் இதுபோன்ற நோயில் இறந்ததை 1996இல் ஆய்வாளர்கள் பதிவுசெய்தார்கள். செம்புப் பாத்திரத்தில் இனிப்பு கலந்து காய்ச்சிய பால் அங்கே காரணம். பாத்திரம் மாறியதும் நோய் மறைந்தது.

இந்த வெற்றி எதனால் வந்தது என்பதைக் கவனிக்க வேண்டும். ஈரலை வலுப்படுத்தும் எந்தப் பொருளையும் கூட்டியதால் வரவில்லை. ஈரலின் எந்த வேலைக்கு என்ன சுமை ஏறியது என்று கண்டுபிடித்து, அந்தச் சுமையை இறக்கியதால் வந்தது. செம்புக் குடமும் செம்புத் தண்ணீர்ப் புட்டியும் நலவாழ்வின் சின்னமாக மறுபடி கடைகளில் பளபளக்கும் காலம் இது. பெரியவர்கள் செம்பில் வைத்த தண்ணீரைக் குடிப்பது வேறு. கைக்குழந்தையின் பாலையும், புளிப்பான மோர், பழச்சாறு, ரசம் ஆகியவற்றையும் பூச்சில்லாத செம்பிலோ பித்தளையிலோ வைக்கவே கூடாது. பித்தம் தடைப்பட்ட குழந்தைக்கும், செம்பு உடலில் தேங்கும் வில்சன் நோயுள்ள குழந்தைக்கும் செம்புப் பாத்திரத் தண்ணீரும் வேண்டாம்.

ஒரு நோய்க்கு அமுதம், இன்னொன்றுக்கு நஞ்சு

பித்தநாளம் அடைபட்டுப் பிறக்கும் குழந்தையை முதலில் எடுத்துக்கொள்வோம். பித்தம் குடலுக்கு வராததால் கொழுப்பு செரிக்காது. கொழுப்போடு சேர்ந்தே உடலில் ஏறும் ஏ, டி, ஈ, கே என்ற நான்கு வைட்டமின்களும் ஏறாது. பிள்ளை பால் குடித்தும் எலும்பும் தோலுமாகும். நம் ஊர்ப் பத்தியமோ எண்ணெயையும் பருப்பையும்தான் முதலில் நிறுத்துகிறது. இந்தக் குழந்தைக்கு மருத்துவம் சொல்வது அதற்கு நேர் எதிர்: அதே வயதுப் பிள்ளைக்கு வேண்டியதைவிட மூன்றில் ஒரு பங்கு முதல் பாதி வரை கூடுதல் எரிசக்தி வேண்டும், கிலோவுக்கு இரண்டு மூன்று கிராம் புரதம் வேண்டும். கொழுப்பையும் நிறுத்தாமல் வகையை மாற்ற வேண்டும். நடுத்தர நீளக் கொழுப்பு அமிலங்களுக்குப் பித்தத்தின் உதவி அதிகம் தேவையில்லை, அவை குடலிலிருந்து நேரே ஈரலுக்குப் போகின்றன. மருத்துவமனைகள் இதற்காகத் தனியே பிரித்தெடுத்த எம்சிடி எண்ணெயைப் பரிந்துரைக்கின்றன. அதன் மூலப்பொருள்களில் ஒன்று தேங்காய் எண்ணெய். பெருந்துறையில் ஏலம் போகும் கொப்பரையும் காங்கேயத்து எண்ணெய் ஆலைகளும் இந்த மண்ணின் வாழ்வாதாரம் என்பதால் இதைச் சற்று விளக்கமாகவே சொல்ல வேண்டும். தேங்காய் எண்ணெயில் பாதியளவு லாரிக் அமிலம். மிக எளிதில் உட்கிரகிக்கப்படும் இன்னும் குட்டையான அமிலங்கள் அதில் சிறு பங்குதான். ஆகவே அது எம்சிடி எண்ணெய்க்கு முழு மாற்று ஆகாது, ஆனால் வீட்டுச் சமையலில் நல்ல துணை. உடலால் செய்துகொள்ள முடியாத கொழுப்பு அமிலங்கள் தேங்காய் எண்ணெயில் மிகக் குறைவு என்பதால், கொஞ்சம் கடலை எண்ணெயோ நல்லெண்ணெயோ சேர்க்க வேண்டும். திட உணவுக்கு வந்துவிட்ட பத்து கிலோ குழந்தைக்கு இரண்டு முட்டை, கால் லிட்டர் பால், ஒரு கைப்பிடிப் பருப்பு என்றால் புரதக் கணக்கு ஏறக்குறைய முடிந்துவிடுகிறது. நம் அரிசிம்பருப்புச் சோற்றைக் குழையப் பிசைந்து இரண்டு தேக்கரண்டி தேங்காய் எண்ணெய் விட்டுக் கொடுத்தால், விலையுயர்ந்த சத்துமாவு டப்பாவுக்கு அது சற்றும் குறைந்ததல்ல.

அடுத்த வீட்டுக் குழந்தைக்கு அதே பருப்பும் முட்டையும் உயிருக்கு உலை வைக்கலாம். புரதம் செரிக்கும்போது உண்டாகும் அம்மோனியாவை யூரியாவாக மாற்றுவது ஈரலின் முக்கியமான நஞ்சகற்றும் வேலை. அந்தச் சங்கிலியில் ஒரு நொதி பிறவியிலேயே இல்லாவிட்டால், அம்மோனியா இரத்தத்தில் ஏறி மூளையைத் தாக்கும். இந்தக் குழந்தைக்குப் புரதம் அளந்து கொடுக்கப்பட வேண்டும். அர்ஜினின், சிட்ருலின் போன்ற துணைச்சத்துகள் நோயின் வகையைப் பொறுத்து மருந்தாகவே தரப்படும். பாலிலுள்ள சர்க்கரையைக் கையாள முடியாத கேலக்டோசீமியா என்ற நோயுள்ள குழந்தைக்குத் தாய்ப்பாலும் ஆகாது, மாட்டுப்பாலும் ஆகாது. பாலை நிறுத்திச் சோயாப் பால்மாவுக்கு மாற்றினால் பழுதான ஈரல் பெரும்பாலும் தேறிவிடும். பழச்சர்க்கரையைச் செரிக்க முடியாமல் பிறக்கும் குழந்தைகளும் இருக்கிறார்கள். காமாலைக்கு நல்லது என்று நாம் கொடுக்கும் கரும்புச்சாறு, தேன், நாட்டுச்சர்க்கரை எல்லாமே அந்தக் குழந்தையின் ஈரலை நேரடியாகத் தாக்கும். ஈரலில் சேர்த்த சர்க்கரையை வெளியே எடுக்க முடியாத இன்னொரு நோயில், பகலிலும் நள்ளிரவிலும் சில மணி நேரத்துக்கு ஒருமுறை வேகவைக்காத சோளமாவைத் தண்ணீரில் கரைத்துக் கொடுக்கிறார்கள். மெதுவாகக் கரையும் அந்த மாவுதான் விடியும்வரை சர்க்கரையைத் தாங்கிப்பிடிக்கிறது. வில்சன் நோயில் துத்தநாக உப்பு, குடலிலிருந்து செம்பு ஏறுவதைத் தடுக்கும் மருந்து. கடையில் சாதாரணச் சத்து மாத்திரையாகக் கிடைக்கும் அதே துத்தநாகம் இங்கே வாழ்நாள் சிகிச்சையின் பகுதியாகிறது. இந்த நோய்களில் பலவும் வெளியே காட்டும் அடையாளம் ஏறத்தாழ ஒன்றுதான்: மஞ்சள் கண், உப்பிய வயிறு, எடை ஏறாத பிள்ளை. அதனால்தான் கண்ணால் பார்த்து யாரும் உணவு சொல்ல முடியாது.

இவற்றில் பல, தாயிடமிருந்தும் தந்தையிடமிருந்தும் ஒரே பழுதான மரபணு வந்து சேரும்போது உண்டாகின்றன. தமிழ்நாட்டில் நான்கில் ஒரு பங்குக்கும் மேற்பட்ட திருமணங்கள் சொந்தத்துக்குள் நடக்கின்றன, ஆகவே இவை நமக்கு எங்கோ கேள்விப்படும் அயல்நாட்டு நோய்கள் அல்ல. கர்ப்பத்தில் தாய் என்ன சாப்பிட்டாள், என்ன பத்தியத்தை மீறினாள் என்று அவளைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தும் வழக்கம் இனியாவது நிற்க வேண்டும். அவள் சாப்பாட்டுக்கும் இந்த நோய்களுக்கும் தொடர்பில்லை.

துணைச்சத்து எப்போது துணை

துணைச்சத்து மாத்திரைகள் எல்லாம் வீண் என்பது என் வாதம் இல்லை. பித்தம் தடைப்பட்ட குழந்தைக்கு வைட்டமின் கே கொடுக்கத் தவறினால் மூளைக்குள் இரத்தம் கசியலாம். டி இல்லாவிட்டால் எலும்பு முறியும். நெடுநாள் ஈ இல்லாவிட்டால் நரம்பு தளரும். ஆனால் அதே நான்கில் ஒன்றான வைட்டமின் ஏ அளவு மீறினால் ஈரலையே கெடுக்கும், அதனால் இரத்தத்தில் அளந்து பார்த்துத்தான் தருகிறார்கள். காசநோய் மருந்துகளும் இதையே சொல்கின்றன. பெருந்துறையில் பழைய காசநோய் சானடோரியத்தின் பெயரைச் சுமக்கும் இடத்தில்தான் இன்று அரசு ஈரோடு மருத்துவக் கல்லூரி இயங்குகிறது. நல்ல காற்று, ஓய்வு, சத்தான சாப்பாடு என்பதே சானடோரியங்களின் மருத்துவமாக இருந்தது. 1956இல் சென்னையில் தொடங்கிய காசநோய் மருந்தாய்வு மையம், வீட்டில் எளிய உணவோடு இருந்தவர்களும் சானடோரியத்தில் நல்ல உணவோடு இருந்தவர்களும் ஒரே மருந்தைப் பெற்றபோது ஏறத்தாழ ஒரே அளவுக்குக் குணமடைந்ததை 1959இல் காட்டியது. நல்ல சாப்பாட்டுக்கு மதிப்பில்லை என்று இதற்குப் பொருள் இல்லை. சரியான மருந்தின் இடத்தில் சாப்பாடு உட்கார முடியாது என்று பொருள். அதே மையம், ஐசோனியாசிட் என்ற மருந்தைச் சிலர் ஈரல் வேகமாகவும் சிலர் ஈரல் மெதுவாகவும் செயலிழக்கச் செய்வதை விரிவாக ஆராய்ந்தது. இந்த மருந்தால் நரம்பு பாதிக்கப்படாமல் இருக்கப் பைரிடாக்சின் என்ற பி6 வைட்டமின் தரப்படுகிறது. எந்த மருந்து எந்தச் சத்தைக் குறைக்கிறது என்று தெரிந்து, அந்தச் சத்தைத் தெரிந்த அளவில் ஈடுகட்டுவதற்கு இது நல்ல முன்மாதிரி.

தெரியாமல் கொடுத்தால் என்ன ஆகும் என்பதற்கும் சான்று இருக்கிறது. பாராசிட்டமால் மிகையானால் காப்பாற்றுவது அசிட்டைல்சிஸ்டீன் என்ற மருந்து; குளுட்டதயோன் இருப்பை அது மீட்டுத் தருகிறது. அப்படியென்றால் எல்லா ஈரல் செயலிழப்புக்கும் அது உதவத்தானே வேண்டும்? 184 குழந்தைகளிடம் நடந்து 2013இல் வெளியான ஆய்வு இதைச் சோதித்தது; எல்லோருக்கும் பாராசிட்டமால் அல்லாத காரணங்களால் ஈரல் திடீரெனச் செயலிழந்திருந்தது. ஓராண்டு முடிவில் மாற்று ஈரல் இல்லாமலே உயிரோடு இருந்தவர்கள், மருந்து பெற்றவர்களில் 35 விழுக்காடு, பெறாதவர்களில் 53 விழுக்காடு. இரண்டு வயதுக்குட்பட்டவர்களிடம் இந்த இடைவெளி இன்னும் பெரிது. காரண காரியத்தோடு யோசித்த, நல்ல மருத்துவமனைகளில் அளந்து கொடுத்த மருந்தே, வேறு நோய்க்குப் போனபோது உதவவில்லை. அப்படியிருக்க, பெயர் தெரியாத புட்டியில் வரும் 'டீடாக்ஸ்' சொட்டை எந்த நம்பிக்கையில் கொடுப்பது?

இதற்கு எழும் மறுப்புகளை மதித்துப் பேச வேண்டும். கீழாநெல்லி கொடுத்துப் பிள்ளை தேறியதை நாங்கள் கண்ணால் பார்த்திருக்கிறோமே என்பது முதல் மறுப்பு. பார்த்தது உண்மைதான். குழந்தைகளுக்கு வரும் காமாலையில் பெரும்பகுதி அசுத்தத் தண்ணீரால் பரவும் ஹெபடைட்டிஸ் ஏ. அது எந்த மருந்தும் இல்லாமலே பெரும்பாலான குழந்தைகளுக்குச் சில வாரங்களில் தானாக ஆறுகிறது. அந்த வாரங்களில் எதைக் கொடுத்தாலும் கொடுத்ததற்குப் பெயர் வந்துவிடும். கீழாநெல்லியை மருத்துவ உலகம் ஒதுக்கித் தள்ளவும் இல்லை. சென்னைப் பல்கலைக்கழகத்தின் எஸ்.பி. தியாகராஜனும் அவருடைய குழுவினரும் ஹெபடைட்டிஸ் பி கிருமியைச் சுமப்பவர்களுக்கு அதைக் கொடுத்து, 37 பேரில் 22 பேரிடம் கிருமியின் அடையாளம் மறைந்ததாக 1988இல் 'லான்செட்' இதழில் எழுதினார்கள். உலகமே திரும்பிப் பார்த்தது. பின்னர் பிற நாடுகளில் நடந்த ஆய்வுகளில் அந்தப் பலன் கிடைக்கவில்லை. ஆய்வு தொடரட்டும். ஆனால் பல ஆயிரத்தில் ஒன்றாகப் பித்தநாளம் அடைபட்டுப் பிறக்கும் குழந்தைக்குக் கீழாநெல்லி அரைக்கும் ஒவ்வொரு வாரமும் மீளாத இழப்பு. ஜப்பானியர் மோரியோ கசாய் வகுத்த அறுவைச் சிகிச்சை, பிறந்து 60 நாட்களுக்குள் செய்தால்தான் நல்ல பலன் தரும்.

இயற்கையான பொருள் என்ன கெடுதல் செய்துவிடும் என்பது இரண்டாவது மறுப்பு. கொரோனாக் காலத்தில் சீந்தில் கொடியை எடுத்துக்கொண்டவர்களில் சிலருக்கு ஈரல் பாதிக்கப்பட்டதை மும்பை மருத்துவர்கள் 2021இல் பதிவுசெய்தார்கள். அது சீந்தில்தானா, அதைப்போலவே தோன்றும் வேறு கொடியா என்று ஆயுஷ் அமைச்சகம் கேட்டது. எந்தக் கொடி என்றே உறுதியில்லாத பொடி குழந்தையின் வாய்க்குப் போகலாமா என்பதுதான் அந்த விவாதம் நமக்கு விட்டுச்செல்லும் கேள்வி. ஈரோட்டு மஞ்சள் 2019இல் புவிசார் குறியீடு பெற்றது, அந்தப் பெருமை நமக்கு உண்டு. குழம்பில் போடும் சிட்டிகை மஞ்சளால் யாருக்கும் கேடில்லை. அதே மஞ்சளைச் செறிவாக்கி, மிளகுச் சாறு சேர்த்து உடலில் அதிகம் ஏறும்படி செய்த மாத்திரைகளின் கதை வேறு. மஞ்சள் மாத்திரைகளால் ஈரல் பாதிக்கப்பட்ட 10 பெரியவர்களை 2022இல் அமெரிக்க ஆய்வுக் குழு பதிவுசெய்தது. அவர்களில் ஒருவர் இறந்தார். உணவாக இருக்கும்போது நல்லது, மாத்திரையான பின்னும் அப்படியே நல்லதாக இருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை.

நோயின் பெயரைக் கண்டுபிடிக்கப் பணமும் தொலைவும் வேண்டுமே, அதுவரை கையைக் கட்டிக்கொண்டிருக்க முடியுமா என்பதே மிக நியாயமான மறுப்பு. முதல் சோதனைக்குக் காசு தேவையில்லை. பிறந்து இரண்டு வாரம் கடந்தும் மஞ்சள் இறங்கவில்லை என்றால், குழந்தையின் மலத்தைப் பகல் வெளிச்சத்தில் பாருங்கள். மஞ்சளோ பச்சையோ பழுப்போ இல்லாமல் களிமண்போல வெளுத்திருந்தால், துணியில் பட்ட சிறுநீர் அடர்மஞ்சளாக இருந்தால், வெயிலில் காட்டிக்கொண்டு காத்திருக்காமல் அன்றே மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். மலத்தின் நிறங்களை அச்சிட்ட அட்டையைத் தாய்மார் கையில் கொடுத்தே தைவான் 2004 முதல் பித்தநாள அடைப்பை முன்கூட்டிப் பிடிக்கிறது. நம் கிராம சுகாதாரச் செவிலியர்களும் அங்கன்வாடி ஊழியர்களும் இதைச் செய்ய முடியாதவர்கள் அல்ல. மாற்று ஈரல் வரை போகும் நிலை வந்தால் முதலமைச்சரின் மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் அதற்கும் உதவுகிறது. பெயர் தெரியும்வரை தாய்ப்பாலையோ வழக்கமான உணவையோ மருத்துவர் சொல்லாமல் நிறுத்தாதீர்கள், இராச்சாப்பாடு தவறவிடாதீர்கள், பூஞ்சை பிடித்த நிலக்கடலையையும் மக்காச்சோளத்தையும் கொப்பரையையும் சத்துமாவில் சேர்க்காதீர்கள், அந்தப் பூஞ்சையின் நஞ்சு ஈரலைக் குறிவைப்பது. பால் குடித்த பிறகோ இனிப்பு கொடுத்த பிறகோ பிள்ளை வாந்தி எடுத்துத் துவண்டால், அதை மருத்துவரிடம் முதல் செய்தியாகச் சொல்லுங்கள். மருத்துவர்களிடமும் ஒரு கடன் இருக்கிறது. சீட்டில் மருந்தை எழுதிவிட்டு, "நல்லாச் சாப்பிடச் சொல்லுங்க" என்று முடித்துவிடுவதால்தான் பெற்றோர் அடுத்த அறிவுரையைத் தெருவில் தேடுகிறார்கள். எத்தனை முட்டை, எந்த எண்ணெய், இரவில் எத்தனை மணிக்கு என்று உணவு வல்லுநர் உட்கார்ந்து எழுதிக் கொடுப்பதும் சிகிச்சையின் பகுதிதான்.

இந்தியாவில் குழந்தைக்கு நடந்த முதல் வெற்றிகரமான ஈரல் மாற்று அறுவை 1998இல் தில்லியில் நடந்தது. காஞ்சிபுரத்திலிருந்து போன, பித்தநாளம் அடைபட்டுப் பிறந்த, இரண்டு வயது நிரம்பாத குழந்தை அது. தந்தை தன் ஈரலின் ஒரு பகுதியைக் கொடுத்தார். அந்தக் குழந்தை வளர்ந்து மருத்துவராகியிருக்கிறது. அந்த அறுவைக்கு முன்னால் அந்தக் குடும்பம் கண்டறிந்தது, குழந்தையின் ஈரலில் எந்த வழி அடைபட்டிருக்கிறது என்பதை. புணே மருத்துவர்கள் கேட்டதும் அப்படிப்பட்ட ஒரு கேள்விதான்: பாலை எதில் காய்ச்சினீர்கள்? அந்த ஒரு கேள்வி எத்தனையோ வீடுகளின் தொட்டில்களைக் காலியாகாமல் காத்தது. பெருந்துறையில் ஒரு தாய் நாளை மஞ்சள் கண்ணோடு பிள்ளையைத் தூக்கிக்கொண்டு மருத்துவமனைப் படியேறும்போது, "ஈரலச் சுத்தம் பண்ண என்னங்க கொடுக்கலாம்?" என்பதற்கு முன்னால், "எம்புள்ள ஈரல்ல எந்த வேலைங்க நின்னுபோச்சு?" என்று கேட்கட்டும். அதற்குப் பதில் கிடைத்த பிறகு, என்ன சமைப்பது என்பதை அவளைவிட நன்றாக அறிந்தவர் யாரும் இல்லை.